குடைக்குக் கீழே நாலு கால்

எங்கள் துப்பறியும் நிறுவனத்தைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. பேசவும் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் பதினான்கு வழக்குகள், அவற்றில் ஒன்பது பூனைகள். ஒன்பதில் நான்கு பூனைகள் தாமாகவே வீடு திரும்பிவிட்டன. அவற்றையும் வெற்றி என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறோம்.

துப்பறிகிறவர் என் அண்ணி. ரயில் நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். அங்கே வந்து நிற்கிற பாதிப் பேர் அடுத்தவன் சாமானைத் தன்னுடையது என்பார்கள். அந்தப் பாதியைப் பிரித்துப் பிரித்தே அண்ணிக்கு இந்தத் தொழில் பழகிவிட்டது. அண்ணன் வீட்டில் சமைக்கிறார். எனக்குச் சமைக்கவும் வராது, துப்பறியவும் வராது என்பதால் இருவருமாகச் சேர்ந்து என்னை உதவியாளர் ஆக்கிவிட்டார்கள்.

அன்று காலை பத்து மணிக்குச் சலவைக் கடை மாடிப்படி ஏறி எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் என் தொழில்முறைக் குரலை வரவழைத்துக்கொண்டு, "பூனை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பூனை இல்லப்பா. குடை."

"மடக்குக் குடையா, நீட்டுக் குடையா?"

"முதுகுக்குடை."

அண்ணி மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடை என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை. அந்தக் கவுண்டரில் வருடத்துக்கு ஆயிரம் குடை பார்த்தவர்.

"கையில பிடிக்கவே வேண்டாம்மா," என்றார் வந்தவர். "ஸ்கூல் பை மாதிரி தோள்ல ரெண்டு வார், இடுப்புல ஒரு பட்டை. முதுகோட ஒட்டி ஒரு கம்பி மேல போகும். அது உச்சியில குடை விரியும். ரெண்டு கையும் சும்மா இருக்கும். எங்க முதலாளியோட கண்டுபிடிப்பு. வார் தைக்கிறது நான். பட்டறையில என்னைத் தையலக்கான்னுதான் கூப்பிடுவாங்க."

முதலில் செய்த ஒன்றாம் நம்பர் குடை உடைந்துவிட்டது. இரண்டாம் நம்பர் சரியாக வரவில்லை. மூன்றாம் நம்பர்தான் உருப்படியாக வந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையிலிருந்து கொள்முதல் அதிகாரி அதைப் பார்க்க வருகிறார். காலையில் முதலாளி பீரோவைத் திறந்தால், மூன்றாம் நம்பரைக் காணோம். பூட்டு உடையவில்லை. பீரோவுக்குச் சாவி இரண்டுதான். ஒன்று முதலாளியிடம், மற்றொன்று தையலக்காவிடம்.

"பட்டறை ஆளுங்க பதினொரு பேர் பார்த்துட்டு இருந்தாங்கம்மா. என் பையை வாங்கி மேஜை மேல கொட்டினார். அதுல இல்லைன்னதும், 'வெளிய யாருக்கு வித்தே?'ன்னு கேட்டார். நாலு மணிக்குள்ள வரலைன்னா போலீஸாம்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா அங்க வேலை செய்யறேன். குடை கிடைச்சா மட்டும் எனக்குப் போதாது. யார் எடுத்தாங்கன்னு அந்தப் பதினொரு பேருக்கும் தெரியணும். இல்லைன்னா நாளைக்கு நான் கத்தரிக்கோலைத் தொட்டாலே எல்லாரும் என் கையைத்தான் பார்ப்பாங்க."

அண்ணி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்களிடம் இருப்பது ஒரே குடை. அதனால் போகும் வழியெல்லாம் என் இடது தோள் நனைந்தது.

பட்டறை நீளமான கூடம். ஒரு மூலையில் கம்பி வளைக்கிறார்கள், நடுவில் துணி வெட்டுகிறார்கள், ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. பதினொரு பேரும் எங்களைப் பார்த்துவிட்டுக் கப்சிப் ஆனார்கள். உயரமாக, ஒல்லியாக, காதில் பென்சிலோடு முதலாளி வந்தார்.

"அந்தம்மா அனுப்பினாங்களா? துப்பறியறவங்களை அனுப்பிட்டா நல்லவங்க ஆயிடுவாங்களா?"

"பொருள் கிடைச்சா உங்களுக்கும் நல்லதுதானே?" என்றார் அண்ணி. "பீரோவை வழக்கமா எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்து மணிக்கு."

"இன்னிக்கு?"

"எட்டரை. நாலு மணிக்கு ஆள் வருதே, துடைச்சு வைக்கலாம்னு கொஞ்சம் முன்னாடியே வந்தேன்."

"ம்," என்றார் அண்ணி. அவர் 'ம்' என்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று பொருள். எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்றும் பொருள்.

"உங்க சாவி எங்க இருக்கும்?"

"சட்டைப் பையில. என் சட்டை, என் பை. அப்புறம் என்ன? மிச்சம் அந்தம்மா சாவிதான்."

"வீட்டுல வேற யாராவது..."

முதலாளி சிரித்துவிட்டார். சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "என் வீட்டுக்காரியா? நான் கண்டுபிடிச்ச எதையும் அவ விரலால தொடமாட்டா. தலையில மாட்டிக்கிற மின்விசிறி ஒண்ணு செஞ்சேன். முடி சிக்கி நாலு அங்குலம் வெட்ட வேண்டியதாப் போச்சு. தானே கிண்டற கரண்டி ஒண்ணு. அது போய் மேல் சுவத்துல ஒட்டிக்கிச்சு. போன வருஷம் சொந்தக்காரங்க நாற்பது பேர் முன்னாடி, 'இனிமே உங்க சாமான் எதுவும் என் உடம்புல படாது'ன்னு சத்தியமே பண்ணிட்டா." குரலைத் தாழ்த்தினார். "இது காணாமப் போனது அவளுக்குத் தெரியவே கூடாது. இதாவது உருப்படும்னு நம்பிட்டு இருக்கேன். அதுவும் போச்சுன்னு அவகிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?"

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் மானம் போவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

"மூணாம் நம்பரை யாரெல்லாம் போட்டிருக்காங்க?" என்றார் அண்ணி.

"நான் மட்டும்தான். தையலக்கா கூட பொம்மைக்குத்தான் மாட்டிப் பார்ப்பாங்க. வேற யாரையும் தொட விடறதில்ல."

"சரி. இரண்டாம் நம்பரைக் கொடுங்க. அதை மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தா, அதே மாதிரி இன்னொண்ணைப் பார்த்தவங்க சொல்லுவாங்க."

"யார் மாட்டிக்கிறது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். பதினொரு பேரும் அதற்குள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளியே எனக்கு மாட்டிவிட்டார். வாரை இழுத்து இறுக்கியதில் எனக்கு இல்லாத தொப்பை கூட வெளியே வந்தது. "வாசல் வந்தா முட்டியை மட்டும் மடக்கணும். தலையைக் குனியாதீங்க. குனிஞ்சா முதுகுல இருக்கற கம்பி முன்னால சாஞ்சு நிலையில இடிக்கும். முதுகு நேரா, முட்டி மட்டும். நானும் ஆரம்பத்துல நாலு தடவை இடிச்சுக்கிட்டேன்."

நான் ஆறு தடவை இடித்துக்கொண்டேன். அதில் மூன்று, அந்தப் பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள்.

இரண்டாம் நம்பரில் என்ன கோளாறு என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விரித்தால் மூடாது. மழை நின்ற பிறகும் தலைக்கு மேல் விரிந்த குடையோடு, இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கவிட்டபடி நான் நடந்தேன். பேருந்தில் ஏற விடவில்லை. மருந்துக் கடைப் பெயர்ப் பலகையைச் சாய்த்துவிட்டேன். முடிதிருத்துகிறவர் பாதி சவரத்தில் வெளியே ஓடிவந்தார், அவர் பின்னாலேயே சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்து பார்த்தார். அண்ணி எனக்குப் பத்தடி முன்னால், என்னை யாரென்றே தெரியாதவர் போல நடந்தார்.

"அண்ணி, சொந்தக் கொழுந்தன்னு ஒரு பாசம்கூட இல்லையா?"

"சத்தமாப் பேசாதீங்க தம்பி. யாராவது சொந்தம்னு நினைச்சுக்கப் போறாங்க."

நாற்சந்தியில் பலன் கிடைத்தது. போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் காவலர் என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அட, நீங்கதானா அது? பதினஞ்சு நாளா பார்த்துட்டு இருக்கேன். ஏதோ விளம்பரம்னு நினைச்சேன்."

அண்ணி சட்டென்று என் பக்கம் வந்து சொந்தமானார். "பதினஞ்சு நாளாவா?"

"மழை பெய்யற நாள்ல மட்டும். எட்டேகாலுக்கு இப்படிப் போகும், அரை மணி கழிச்சுத் திரும்ப வரும்." காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா நீங்க இல்ல. அது ஒழுங்கா நடக்கும்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"எங்க? குடை மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காலும் கையும்தான். போகும்போது குடைக்குக் கீழே நாலு கால். வரும்போது ரெண்டு."

"நாலு காலா?"

"ரெண்டு பேர் ஒண்ணாப் போவாங்க. எப்பப் பாரு சண்டை. கையை அப்படி வீசுவாங்க, இப்படி வீசுவாங்க. ஒருநாள் நான் விலக்கிவிடலாம்னே பக்கத்துல போனேன். ஆனா சத்தமே வரல. ஊமைச் சண்டை."

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எங்களுக்கு அவமானம்தான், இருந்தாலும் வாய் நிற்கவில்லை. "அண்ணி! இரட்டைத் திருடர்கள். பங்கு பிரிக்கிறதுல தகராறு!"

"பதினஞ்சு நாளா அதே ஒரு குடையையா பங்கு பிரிக்கறாங்க?"

அண்ணி காவலரைப் பார்த்து, "கையை எப்படி வீசினாங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டறீங்களா?" என்றார். காவலர் செய்து காட்டினார். விரலை மடக்கினார், விரித்தார், ஒரு உள்ளங்கையில் மறு கையைத் தட்டினார், நெற்றியிலிருந்து கையை எடுத்து வெளியே வீசினார். பின்னால் நான்கு வண்டிகள் எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் நின்றன.

"இன்னிக்கு?"

"இன்னிக்குத்தான் வித்தியாசம். போச்சு, திரும்பி வந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல வேகவேகமா மறுபடியும் அந்தப் பக்கமே போச்சு. அப்புறம் குடையைப் பார்க்கல."

"எங்கேருந்து வரும்?"

காவலர் கையை நீட்டினார். பட்டறைக்குப் பின்னால் போகும் சந்து. பட்டறை ஆட்கள் எல்லோரும் முன்தெரு வழியாகத்தான் வருவார்கள் என்று எனக்கே தெரியும். அந்தச் சந்தில் ஒரே ஒரு வாசல். அது முதலாளி வீட்டு வாசல்.

"தெரிஞ்சுபோச்சு!" என்று நான் கூவினேன். "முதலாளிதான் எடுத்தது. தன் பொருளைத் தானே ஒளிச்சு வெச்சுட்டு..."

"எதுக்கு?"

அதை நான் யோசிக்கவில்லை. என் துப்பறிதலில் 'எதுக்கு' என்ற பகுதி எப்போதும் அண்ணியுடையது.

"தம்பி, திருடறவன் மழைக்கு மழை எடுத்துட்டுப் போயிட்டு, ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து திருப்பி வெப்பானா?"

"நம்ம பூனைங்க மாதிரி."

"அதேதான். இன்னிக்கும் திரும்பி வந்திருக்கு. ஆனா இன்னிக்கு அவர் பத்து மணிக்குத் திறக்கற பீரோவை எட்டரைக்கே திறந்துட்டார். திருட்டே நடக்கல. திருப்பி வைக்க முடியாமப் போச்சு, அவ்வளவுதான்."

சந்தில் ஒரு கம்பத்தில் என் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, அண்ணி ஒரு காலை என் இடுப்பில் ஊன்றி இழுத்து, இரண்டாம் நம்பரைக் கழற்றினோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதற்குள் இருந்திருக்கிறேன். அது விரிந்தபடியே சுவரோரம் கிடக்க, அண்ணி கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் முதலாளியின் மனைவி. களையான முகம், கொஞ்சம் கண்டிப்பான கண்கள். காணாமல் போன பூனை ஒன்றைத் தேடுகிறோம் என்று அண்ணி சொன்னார். எங்களுக்குக் கைவந்த பொய் அது ஒன்றுதான். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

டம்ளர்களோடு திரும்பியவர், சமையலறை வாசலில் முதுகை நேராக வைத்துக்கொண்டு முட்டியை மட்டும் மடக்கித் தாழ்ந்து எழுந்தார். எனக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது. இப்படி ஒரு மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. பதிலுக்கு ஏதாவது செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, நானும் எழுந்து முட்டியை மடக்கித் தாழ்ந்து எழுந்தேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். கையிலிருந்த தண்ணீர் தளும்பியது.

"உட்காருங்க தம்பி," என்றார் அண்ணி. "அவங்க உங்களுக்கு மரியாதை செய்யல. முதுகுல குடை இருக்கறதா நினைச்சு வாசலைத் தாண்டறாங்க. மூணு மணி நேரம் போட்டதுக்கே நீங்க இந்த வீட்டுப் படியைத் தாண்டும்போது அப்படித்தான் தாழ்ந்தீங்க. நான் பார்த்தேன்."

நான் தாழ்ந்தேனா? எனக்குத் தெரியவே தெரியாது.

"அம்மா, பதினஞ்சு நாள் போட்டவங்களுக்குக் கேட்கவே வேண்டாம்," என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். "உங்க கூட நடக்கறவங்க யாரு? அவங்களுக்குக் காது கேக்காது, இல்லையா?"

அந்த அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எங்க அக்கா. பிறந்ததுலேருந்தே கேக்காது. நாங்க கையாலதான் பேசுவோம். அச்சகத்துல புத்தகம் தைக்கிற வேலை. தினம் காலையில கூடவே நடந்துபோய் விட்டுட்டு வருவேன். அந்தக் கால் மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருக்கறது. மத்த நேரமெல்லாம் அவ வீடு, என் வீடு." கையைப் பிசைந்தார். "மழை வந்தா அதுவும் போச்சு. ஒரு கையில குடை இருந்தா பாதிப் பேச்சுதான் வரும். மழைக்கோட்டு போட்டா, தொப்பி மறைச்சு ஒருத்தி கை ஒருத்திக்குத் தெரியாது. வருஷத்துல மூணு மாசம் பக்கத்துப் பக்கத்துல பேசாமலே நடப்போம். சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

"அப்புறம் மூணாம் நம்பர் வந்துச்சு."

"ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். அகலமான குடை, ரெண்டு பேரும் நனையல. நாலு கையும் சும்மா இருந்துச்சு." கண் கலங்கிவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. "அன்னிக்கு நாங்க பேசின பேச்சு இருக்கே! அக்கா சொன்னா, உன் புருஷன் இத்தனை வருஷத்துல செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான்னு."

"அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நாற்பது பேர் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கேனே! போட்டேன்னு சொன்னா, அடுத்த வாரமே மறுபடியும் மின்விசிறியைத் தூக்கிட்டு வருவார். ஒன்பதரை வரைக்கும் அவர் பனியனோட பேப்பர் படிச்சிட்டு இருப்பார், சட்டை ஆணியில தொங்கும். சாவியை எடுப்பேன், வைப்பேன். இன்னிக்கு வந்து ஜன்னல் வழியாப் பார்த்தா, பீரோவைத் திறந்து வெச்சுட்டு நிக்கறார். பயந்துபோய் அக்காகிட்டயே திரும்பக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்துட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தப்ப, முகம் ஏன் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னார். சரி, ஒண்ணுமில்ல போலிருக்குன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரியக் கூடாதென்று இவர், இவருக்குத் தெரியக் கூடாதென்று அவர். நடுவில் ஒரு சுவர்தான்.

"சாயங்காலம் எப்படியாவது உள்ள வெச்சுடறேங்க," என்றார் அந்த அம்மா கெஞ்சலாக. "யாருக்கும் தெரிய வேண்டாம்."

நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. குடை கிடைத்துவிடும், வீட்டுச் சண்டை வராது, நாங்கள் பதினைந்தாவது வழக்கில் ஜெயித்ததாகவும் இருக்கும். அண்ணியை நம்பிக்கையோடு பார்த்தேன்.

"தையலக்காவைத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியாமலா? ஏன்?"

"காலையில அவங்க பையைக் கொட்டித் தேடியிருக்கார். பதினொரு பேர் முன்னாடி திருடின்னு சொல்லி வெளிய அனுப்பிட்டார். நாலு மணிக்குப் போலீஸ்."

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. எழுந்து செருப்பை மாட்டினார், கதவைக்கூடச் சாத்தாமல் சந்தில் இறங்கி அச்சகத்தை நோக்கி ஓடினார். வாசலைத் தாண்டும்போது மறக்காமல் முட்டியை மடக்கினார்.

மூன்றரை மணி. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. எங்கள் அலுவலகத்தில் காத்திருந்த தையலக்காவை அழைத்துக்கொண்டு பட்டறைக்குள் போனோம். "குடை எங்கே?" என்று முதலாளி கேட்டு முடிக்கவில்லை. வாசலில் மூன்றாம் நம்பர் வந்து நின்றது. அதற்குக் கீழே அக்கா தங்கை இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். தங்கை தாழ்ந்து, எழுந்து, உள்ளே வந்தார். ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். கம்பி வளைக்கிற சத்தம் நின்றது. "இதை எடுத்தது நான். பதினஞ்சு நாளா நான்தான் எடுக்கறேன். தையலக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

முதலாளியின் காதிலிருந்து பென்சில் விழுந்தது. "நீ... இதைப் போட்டியா?"

"போட்டேன்."

"நீயா?"

"நான்தான். இப்ப என்ன?"

"தோள் வலிக்கலையா?"

"முதல் நாள் வலிச்சுது. அப்புறம் இல்ல."

"காத்துல திரும்பலையா?"

"ஒரு தடவைகூட இல்ல."

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருடம் காத்திருந்த கடிதம் வந்தது போல இருந்தது. மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார், வாரைத் தொட்டுப் பார்த்தார், இடுப்புப் பட்டையைப் பார்த்தார், "பதினஞ்சு நாள், பதினஞ்சு நாள்" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எதற்கும் இருக்கட்டுமென்று.

"சந்தோஷமெல்லாம் அப்புறம்," என்றார் அண்ணி. கைதட்டல் ஓய்ந்தது. "இவங்க நிக்கறாங்க."

முதலாளி திரும்பினார். தையலக்கா வாசலை ஒட்டி அப்படியே நின்றிருந்தார். "அது வந்து... தப்பா நினைச்சுக்காதீங்க. அவசரத்துல ஏதோ..."

"அம்மாவைத் தோள் வலிக்கலையான்னு கேட்டீங்க," என்றார் தையலக்கா. குரல் உயரவே இல்லை. "நல்லதுங்க. காலையில நீங்க என்னை வெளிய போகச் சொன்னப்ப மழை கொட்டிட்டு இருந்துச்சு. இது குடைப் பட்டறை. இந்தச் சுவர் பூரா குடை தொங்குது. பாதிக்கு நான்தான் தைச்சேன். யாரும் ஒண்ணை எடுத்து நீட்டலைங்க. நீங்களும் நீட்டல, இவங்க பதினொரு பேரும் நீட்டல."

துணி வெட்டுகிறவர் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது தையலக்காவின் தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது, உடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பூனை என்ன நிறம் என்று கேட்டேன். அன்று நான் பட்ட அவமானங்களிலேயே அது ஒன்றுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"நாளைக்கு வேலைக்கு வருவேன்," என்றார் தையலக்கா. "எனக்கு வேலை வேணும். இன்னிக்கு முடியாது, வீட்டுக்குப் போறேன்."

அவர் படியிறங்கிவிட்டார். முதலாளியின் மனைவி தன் அக்காவிடம் கையால் ஏதோ சொன்னார். அக்கா தலையசைத்து அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். உடனே மனைவி மூன்றாம் நம்பரோடு மழையில் இறங்கி, வேகமாகப் போய் தையலக்காவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். தையலக்கா விலகி நடந்தார். இவரும் கூடவே விலகினார். நாலைந்து அடி அப்படிப் போனது. பிறகு தையலக்கா விலகவில்லை.

"ஏய், நாலு மணிக்கு ஆள் வருது!" என்று முதலாளி வாசல் வரை ஓடினார். அதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

கொள்முதல் அதிகாரி அம்மா உள்ளே வந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "சாம்பிள் எங்க?"

முதலாளி தெருவைக் காட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். கொட்டுகிற மழையில் இரண்டு பெண்கள் ஒரே குடையின் கீழ் போய்க்கொண்டிருந்தார்கள், யார் கையிலும் குடை இல்லை. ஒருவர் இரண்டு கையையும் கூப்பிக் கூப்பி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மற்றவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர்கள் திருப்பத்தில் மறையும் வரை அதிகாரி வாசலை விட்டு நகரவில்லை.

"வார் ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கு," என்றார். "கொஞ்சம்கூட ஆடல. யார் தைச்சது?"

நான் முதலாளியைப் பார்த்தேன். இந்த இடத்தில் அவர் 'எங்க ஆள் ஒருத்தர்' என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பதினொரு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"குடையை மாட்டாம கூடவே நடந்துபோனாங்களே, அந்தம்மாதாங்க," என்றார் முதலாளி. "காலையில திருடின்னு சொல்லி, பையைக் கொட்டி, மழையில அனுப்பிட்டேன். அவங்க எதையும் எடுக்கல. ஆர்டர் தர்றதுன்னா அதையும் தெரிஞ்சுக்கிட்டே தாங்க."